பசுங்கணிகத்தில் கால்சியத்துக்கு என்ன வேலை?

கால்சியம் என்றதும் நமக்கு எலும்பும் பல்லும் நினைவுக்கு வரும். செடிகளில் அது செல்சுவரை உறுதியாக்குகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். ஒளிச்சேர்க்கைக்கும் கால்சியம் வேண்டும். ஆனால், இடம் மாறிக் குவிந்தால் அதே கால்சியம் ஒளிச்சேர்க்கைக்குத் தடையாகிவிடும்.

அது தேவைப்படும் இடம் எது? இலைச் செல்களில் ஒளிச்சேர்க்கை நடக்கும் உறுப்பான பசுங்கணிகத்துக்குள் தைலக்காய்டு எனப்படும் சவ்வுப் பைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வெயிலின் ஆற்றலைக் கொண்டு தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியிடும் வேலை அங்கே நடக்கிறது. அதைச் செய்வது 4 மாங்கனீசு, 1 கால்சியம், 5 ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த ஒரு சிறு கொத்து. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் வெந்நீர் ஊற்றில் வளரும் நீலப்பச்சைப் பாசியிலிருந்து இதன் அமைப்பைத் துல்லியமாகப் படம்பிடித்தார்கள். அந்த ஒற்றைக் கால்சியத்தை நீக்கினால் ஆக்சிஜன் வருவது நின்றுவிடும். அதற்குப் பதில் ஸ்ட்ரான்சியத்தை வைத்தால் வேலை நடக்கும், வேகம் குறையும்.

தொல்லை தரும் இடம் தைலக்காய்டுகளைச் சூழ்ந்திருக்கும் ஸ்ட்ரோமா. கரியமில வாயு சர்க்கரையாவது இங்கேதான். இதற்கான நொதிகளில் பிரக்டோஸ் பிஸ்பாஸ்பட்டேஸ் போன்றவை, கால்சியம் மிகுந்தால் முடங்கிவிடும். அதனால் பசுங்கணிகத்தில் மொத்தக் கால்சியம் 4 முதல் 23 மில்லிமோலார் வரை இருந்தாலும், பெரும்பகுதி சவ்வுகளிலும் புரதங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ரோமாவில் தனித்து உலவுவது சுமார் 150 நானோமோலார்தான். அதாவது மொத்தத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு.

வெளிச்சத்தில் பசுங்கணிகம் வெளியிலிருந்து கால்சியத்தை இழுத்துக்கொள்கிறது. விளக்கை அணைத்த சில நிமிடங்களில் ஸ்ட்ரோமாவில் அதன் அளவு ஏறி, சிறிது நேரத்தில் தணிகிறது. புகையிலைச் செடியில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். இருட்டில் சர்க்கரை ஆக்கத்தை நிறுத்த இந்த ஏற்றம் உதவுகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இந்தப் போக்குவரத்துக்கு வாயில்களாக இருப்பவை சவ்வுப் புரதங்கள். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இரண்டை அடையாளம் கண்டிருக்கிறார்கள். பைகேட்-2 பசுங்கணிகத்தின் உறையில் இருக்கிறது. பைகேட்-1 தைலக்காய்டு சவ்வில் இருக்கிறது. கால்சியத்தோடு மாங்கனீசையும் இவை கடத்துகின்றன. தண்ணீரைப் பிளக்கும் கொத்துக்கு வேண்டிய உலோகங்கள் இரண்டுமே இவ்வழியாக வந்து சேர்கின்றன.

பைகேட்-1 இல்லாத செடிகளில் இருட்டில் வரும் கால்சிய ஏற்றம் இயல்பைவிடக் கூடுகிறது. பைகேட்-2 இல்லாதவற்றில் அது குறைகிறது. அதோடு இவற்றில் பசுங்கணிகத்தின் உருவம் சிதைந்து, இலை வெளிறி, செடியின் வளர்ச்சியும் மிகவும் குன்றுகிறது. வேர் உறிஞ்சிய கால்சியம் இலை வரை வந்தாலும் போதாது. பசுங்கணிகத்தின் இரண்டு சவ்வு வாயில்களையும் அது முறையாகக் கடந்தால்தான் செடி தழைக்கும்.