தாத்தாவின் இரட்டைக்குழலுக்கு என்ன விலை?

மேட்டூரை அடுத்த கொளத்தூர், பாலமலை அடிவாரத்தில் ஒரு தோட்டத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். பீரோவுக்குள் தாத்தா காலத்து 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி. அப்பா ஒருமுறை குழலுக்கு நிக்கல் பூச்சு கொடுத்தார், கட்டைக்கு வார்னிஷ் அடித்தார், தன் பெயரின் முதலெழுத்தை வெள்ளித் தகட்டில் பொறித்துப் பதித்தார். இப்போது விற்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. பார்க்கப் புதிதாக மின்னுவதால் நல்ல விலை போகும் என்று வீட்டில் நம்புகிறார்கள். பெரும்பாலும் போகாது.

துப்பாக்கியின் விலை பளபளப்பில் இல்லை; குழலின் அடியில் குத்தியிருக்கும் சிறிய எழுத்துகளில் இருக்கிறது. தோட்டா இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, குழலைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். வரிசை எண் இருக்கும். ஆங்கிலத் துப்பாக்கியானால் பிர்மிங்காம் அல்லது லண்டன் சோதனைச் சாலையின் முத்திரையும் இருக்கும். பிர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இல் சட்டப்படி அமைந்தது. முத்திரையில் 'என்.பி.' என்ற எழுத்துகள் இருந்தால், புகையில்லா மருந்துத் தோட்டாவுக்குக் குழல் சோதிக்கப்பட்டது என்று பொருள். கருமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட பழைய டமாஸ்கஸ் குழலில் இன்றைய தோட்டாவைப் போடக்கூடாது. அது அலங்காரப் பொருள், விலையும் அப்படியே.

குழல்களுக்கு நடுவே உள்ள பட்டையில் 'பி. ஓர் அண்ட் சன்ஸ், மதராஸ்' போன்ற பெயர் இருந்தால் அதுவே செய்தவர் பெயர் என்று எண்ண வேண்டாம். இப்படி மதராஸ் கடைப் பெயரோடு விற்ற துப்பாக்கிகளில் பல, பிர்மிங்காமில் செய்யப்பட்டுக் கடையின் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டவை. வெப்லி அண்ட் ஸ்காட், கிரீனர் போன்ற பெயர்களுக்கு இந்தியாவில் தனி மதிப்பு உண்டு. தனியார் துப்பாக்கி இறக்குமதி பல ஆண்டுகளாகக் கட்டுப்பாட்டில் இருப்பதால், உள்ளே வந்தது வந்ததுதான்.

இப்போது அப்பா செய்த வேலைக்கு வருவோம். நிக்கல் பூசும் முன் துருக்குழிகளைத் தேய்த்து எடுத்திருப்பார்கள். தேய்த்த அளவுக்கு உலோகம் மெலிந்திருக்கும், எண்ணும் முத்திரையும் மங்கியிருக்கும். விவரம் தெரிந்தவர் புதுப்பூச்சைக் கண்டதும் "எதை மறைத்திருக்கிறார்கள்?" என்றுதான் முதலில் கேட்பார். குழலுக்கு மறுபடி கருநீலம் ஏற்றியிருந்தாலும் இதே சந்தேகம்தான். கொதிக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலில் முக்கிக் கருக்கும் முறை ஒன்று உண்டு. இரு குழல்களையும் நடுப்பட்டையையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஈயப் பற்றை அந்தக் கரைசல் அரித்துவிடும். குழலைக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். அதிர்ந்து கரகரத்தால் பற்று விட்டிருக்கிறது.

கட்டையைப் பொறுத்தவரை நான் அவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டேன். வார்னிஷைச் சுரண்டி எண்ணெய் ஏற்றலாம். வெள்ளித் தகட்டைக் கழற்றலாம், சிறு பள்ளம் மட்டும் மிஞ்சும். கைப்பிடி மெலியும் இடத்தில் விரிசலை மறைத்துப் பித்தளைத் தகடு அடித்திருந்தால்தான் கவலை.

மிகப் பெரிய நட்டம் குழலை வெட்டியிருந்தால். முன்முனையில் இரு குழல்களும் ஒட்டியிருக்காமல் இடைவெளி விட்டு, அதை எதையாவது வைத்து அடைத்திருந்தால், வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். வெட்டினால் ரவையைக் குவித்து அனுப்பும் 'சோக்' போய்விடும். உரிமமின்றிக் குழலைக் குறைப்பது 1959 ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.

விலையை இப்படிப் போடலாம். அதே பெயர், அதே தரத்தில் கைவைக்கப்படாத துப்பாக்கிக்கு உரிமம் பெற்ற இரண்டு கடைகளில் என்ன தருவார்கள் என்று கேளுங்கள். அதிலிருந்து பழைய நிலைக்குக் கொண்டுவரும் கூலியைக் கழியுங்கள். திருப்ப முடியாத மாற்றங்களுக்கு மேலும் கழியுங்கள். அப்பா செலவழித்த பணத்தை மட்டும் கூட்டாதீர்கள். அதை வாங்குபவர் தரமாட்டார். சந்தையும் சுருங்கிவிட்டது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. உபரியை ஓராண்டுக்குள் ஒப்படைக்கவோ கைமாற்றவோ வேண்டியிருந்தது. உரிமம் இருப்பவர்தான் வாங்க முடியும் என்பதால், வாங்கும் ஆளைத் தேடுவதே பெரும்பாடு.

விற்குமுன் 'கொஞ்சம் சரி பண்ணலாம்' என்று லேத் பட்டறைக்கு எடுத்துப்போக வேண்டாம். உரிமமில்லாதவர் துப்பாக்கி பழுதுபார்ப்பதற்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை. எண் அழிந்த துப்பாக்கியை விற்பதும் குற்றம். மங்கிய எண்ணைத் தாமாகவே மறுபடி பொறிக்கவும் கூடாது. அதை உரிமம் தந்த அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

உரிமதாரர் இறந்துவிட்டிருந்தால், துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ முதலில் ஒப்படையுங்கள். விலைப் பேச்சு பிறகு. உரிமம் உங்கள் பெயரிலேயே இருக்க, நீங்கள் தனியாருக்கு விற்பதானால், வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியிலிருந்து 45 நாள் முடியும்வரை, முன்பணம் வாங்கியிருந்தாலும், துப்பாக்கி உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.