வட்டிலும் கோடு போட வேண்டும்

புதிய பேரேட்டில் எழுதுமுன் நாம் கோடு போட்டுப் பக்க எண் இடுவோம். பெருங்கணினியின் வட்டுக்கும் அம்முறையே. 1964இல் ஐபிஎம் சிஸ்டம்/360 உடன் வந்த ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு தடத்தின் தொடக்கத்திலும் அதன் முகவரி பதியப்படுகிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் அதன் எண்ணும் நீளமும் குறிக்கப்படுகின்றன. நடுவே இடைவெளி விடப்படுகிறது.

அவ்விடைவெளிக்கும் விலை உண்டு. ஐபிஎம் 3390 வட்டின் ஒரு தடத்தில் 80 பைட் பதிவுகளைத் தனித்தனியே எழுதினால் 78 மட்டுமே அடங்கும். 349 பதிவுகளை ஒரு தொகுதியாகக் கட்டினால் இரு தொகுதிகள், அதாவது 698 பதிவுகள் அடங்கும். பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் ஊதியப் பட்டியலை இவ்வாறு கட்டினால், தேவைப்படும் தடங்கள் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகும்.

எழுதிய தடத்தில் மீண்டும் கோடு போட்டால் பழைய கணக்கு அழியும். ஆதலால் நகலைச் சரிபார்த்த பின்னரே அப்பணியைத் தொடங்குதல் வேண்டும்.