ரேடியோவை விற்று மகன்களைச் சென்னைக்கு அனுப்பிய தாய்!

ராயப்பன்பட்டி:

2025 மார்ச் 8-ந் தேதி லண்டனில் சிம்பொனி அரங்கேற்றினார் இளையராஜா. அவர் இசை பழகிய மேடை எது தெரியுமா? கட்சிப் பொதுக்கூட்ட மேடைதான்!

ராயப்பன்பட்டி இருக்கும் அதே உத்தமபாளையம் தாலுகாவில்தான் அவர் பிறந்த பண்ணைப்புரமும் இருக்கிறது. அங்கே அண்ணன் பாவலர் வரதராஜன் நடத்திய பாட்டுக் குழுதான் "பாவலர் பிரதர்ஸ்". கையில் ஆர்மோனியம், வாயில் கம்யூனிஸ்டு பாட்டு. ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டில் புது வார்த்தைகளைப் போட்டு வெளுத்துக் கட்டுவார்.

தேவிகுளம் தேர்தல்

1958-ல் கேரளாவில் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தது. தேயிலைத் தோட்டத்து தமிழ்த் தொழிலாளர்களிடம் பாவலர் போய்ப் பாடினார். கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார்.

14 வயது ராசய்யாவும் அண்ணன் குழுவில் சேர்ந்தார். அவர்தான் இளையராஜா. பாஸ்கர், அமர்சிங் (கங்கை அமரன்) ஆகியோரும் சேர, சகோதரர்கள் ஊர் ஊராகச் சுற்றினார்கள்.

400 ரூபாய்

1968-ல் பிள்ளைகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். கையில் காசு இல்லை. தாய் சின்னத்தாய் வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாயைக் கொடுத்தார்.

சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு சங்கீதம் படித்தார் ராசய்யா. கிராமத்து மெட்டும் கிடாரும் கைகோர்த்தன. 1976-ல் "அன்னக்கிளி" வந்தது. தமிழ்நாடே முணுமுணுத்தது.

அண்ணன் இல்லை

அதைக் கேட்க பாவலர் உயிரோடு இல்லை. 1973-லேயே கண்ணை மூடிவிட்டார்.

தம்பிகள் மறக்கவில்லை. 1981-ல் "அலைகள் ஓய்வதில்லை" படத்தை எடுத்த அவர்களுடைய கம்பெனியின் பெயர், "பாவலர் கிரியேஷன்ஸ்"!