“பட்டனை அமுக்கினா பதிலே இல்லீங்ணா!”

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் நம் ஆட்கள் செய்கிற முதல் காரியம், அதன் மண்டையில் ஒரு தட்டு. இரண்டாவது, அதே பட்டனை இன்னும் பலமாக அமுக்குவது. (லிஃப்ட் வராவிட்டாலும் இதே வைத்தியம்தான்!) மூன்றாவது, தெரிந்த கடைக்குப் போன். கடைப் பையன் வருகிறான். மூடியைக் கழற்றுகிறான். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இழவு வீட்டுக் குரலில் சொல்கிறான்: “போர்டு போயிருச்சுங்ண்ணா. மாத்திரலாங்ளா?”

போர்டு என்றால் மதர்போர்டு. நீங்கள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். இன்று வெள்ளிக்கிழமை. நாளை சம்பளம். யாருக்கு எத்தனை ஷிஃப்ட், யாரிடம் எவ்வளவு அட்வான்ஸ் பிடிக்க வேண்டும் என்கிற விவரமெல்லாம் அந்தப் பெட்டிக்குள். கதவருகே முதலாளி வேறு: “ஏப்பா, சாயங்காலத்துக்குள்ள லிஸ்ட் வந்துருமில்ல?”

தலையாட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம். ‘போயிருச்சு’ என்று தீர்ப்பு எழுதப்படும் போர்டுகளில் பல, நிரபராதிகள். உண்மைக் குற்றவாளி ஒரு வயராகவோ, ஸ்விட்சாகவோ, இரும்புத் தூசியாகவோ இருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள இன்ஜினீயரிங் காலேஜ் போக வேண்டாம். கொங்கு நாட்டில் பிறந்தவனுக்குத் தோட்டத்துப் பம்ப்செட் தெரியாமலா இருக்கும்? 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்ளூரிலேயே மோட்டார் செய்து காட்டிய கோயமுத்தூராச்சே! கிணற்று மேட்டில் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறது. பச்சைப் பட்டனை அமுக்குகிறீர்கள். மோட்டாருக்குப் போகிற கரன்ட் அந்தப் பட்டன் வழியாகவா போகிறது? இல்லை. பட்டன் உள்ளே ஒரு காயிலுக்கு உயிர் கொடுக்கிறது. காயில் இழுத்துப் பிடித்த பிறகுதான் மோட்டார் ஓடுகிறது.

கம்ப்யூட்டர் பட்டனும் அப்படித்தான். அந்தக் காலத்து ஏ.டி. மாடல் பெட்டிகளில் பட்டன் நேரடியாக 230 வோல்ட்டை வெட்டி விடும். 1995-ல் இன்டெல் கொண்டு வந்த ஏ.டி.எக்ஸ். முறையில் பட்டன் வெறும் மனுதாரர். சுவரில் ப்ளக் செருகியிருக்கும் வரை எஸ்.எம்.பி.எஸ். எனும் பவர் சப்ளை முழுத் தூக்கம் தூங்குவதில்லை. ஊதா வயரில் 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டிருக்கும், ராக்காவல்காரர் மாதிரி. நீங்கள் பட்டனை அமுக்கியதும் மதர்போர்டு பச்சை வயரைக் கறுப்பு வயரோடு, அதாவது எர்த்தோடு, சேர்க்கிறது. அப்போதுதான் எஸ்.எம்.பி.எஸ். முழுதாக எழுந்திருக்கிறது. எல்லா வோல்ட்டேஜும் சரியாக வந்த பிறகு சாம்பல் நிற வயரில் ‘ஓ.கே.’ போகிறது. அதற்கப்புறமே பிராசஸர் கண் விழிக்கும்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் உங்களுக்குத் தெரிவது ஒன்றுதான்: பட்டனை அமுக்கினால் பதில் இல்லை.

ஆகவே சுவரிலிருந்து ஆரம்பியுங்கள். அதே பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். யு.பி.எஸ். உயிரோடு இருக்கிறதா? பெட்டியின் பின்பக்கம் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். பெருக்க வந்தவரின் துடைப்பம் அதை அணைத்திருக்கலாம். சிரிக்காதீர்கள், இதற்காகவே சர்வீஸ் சார்ஜ் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து முன்பக்கப் பட்டன். அதிலிருந்து வரும் மெல்லிய இரட்டை வயர், போர்டின் ஓரத்தில் இரண்டு ஊசிகளில் செருகியிருக்கும். ‘பவர் ஸ்விட்ச்’ என்று பக்கத்தில் பொடி எழுத்து. வயரை உருவிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளை மட்டும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். மெஷின் கிளம்பிவிட்டால் போர்டு அப்பாவி, பட்டன்தான் திருடன். ரீசெட் பட்டனின் வயரை அங்கே மாற்றிச் செருகுங்கள். இனி ரீசெட்தான் உங்கள் பவர் பட்டன். செலவு பூஜ்யம். சனிக்கிழமைச் சம்பளம் தப்பித்தது!

அப்படியும் அசையவில்லையா? ப்ளக்கைப் பிடுங்குங்கள். போர்டில் செருகியுள்ள 24 ஊசி கனெக்டரைக் கழற்றி, பச்சை வயர் துளைக்கும் பக்கத்துக் கறுப்பு வயர் துளைக்கும் ஒரு பேப்பர் கிளிப்பால் பாலம் போடுங்கள். இப்போது ப்ளக்கைச் செருகினால் எஸ்.எம்.பி.எஸ். விசிறி சுற்ற வேண்டும். (சில மாடல்களில் சூடானால்தான் சுற்றும். எல்லா வயருமே கறுப்பாக உள்ள ரகங்களும் உண்டு. அங்கே குத்துமதிப்பு வேண்டாம்.) ரீவைண்டிங் பட்டறை நண்பரிடம் மல்ட்டிமீட்டர் கடன் வாங்கினால் இன்னும் நல்லது. மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். கீழே இறங்கினால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றுங்கள். அதைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டி.சி. நிற்கும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும்.

விசிறி ஒரு துள்ளு துள்ளிவிட்டு உடனே நின்றுவிடுகிறதா? மறுபடி பம்ப்செட்தான். மோட்டார் ஜாம் ஆனால் ரிலே டிரிப் அடிக்குமே, அதே கதை. எங்கோ ஷார்ட். ப்ளக்கைப் பிடுங்கி அரை நிமிஷம் கழித்துத்தான் மறுமுயற்சி. பிராசஸர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம் தவிர மற்றதையெல்லாம் கழற்றுங்கள். போர்டையே பெட்டியிலிருந்து எடுத்து, காய்ந்த அட்டை மேல் வைத்துப் பாருங்கள். அட்டை மேல் ஓடி, பெட்டிக்குள் ஓடவில்லை என்றால், அடியில் வேண்டாத இடத்தில் ஒரு பித்தளை நட்டு முட்டிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் நம்மூர் விசேஷம். லேத் பட்டறை, பவுண்டரி ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தால் போர்டு மேல் கருப்பாகப் பொடி. அது சாதாத் தூசி இல்லை, இரும்புத் தூள், கரன்ட்டைக் கடத்தும். திருப்பூரிலோ பஞ்சு. விசிறிக்குக் கீழே மெத்தையே தைத்து வைத்திருக்கும்! மெஷின் கிளம்பிய சில நிமிஷத்தில் சூடேறி அணைந்தால் முதல் சந்தேகம் அதன்மேல். பெயின்ட் பிரஷ் போதும். பஞ்சர் கடைக் காற்று வேண்டாம், தண்ணீரும் சேர்ந்து வரும்.

விசிறி ஓடுகிறது, ஸ்கிரீன் மட்டும் இருட்டு என்றால் விஷயம் வேறு. பிராசஸர் பக்கத்தில் 4 அல்லது 8 ஊசி கனெக்டர் தனியாக உண்டு. பெட்டியைச் சுத்தம் செய்தவர்கள் அதைச் செருக மறப்பது வாடிக்கை. பிறகு ராம். கழற்றி, தங்க நிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ‘க்ளிக்’ கேட்கும் வரை அழுத்துங்கள். குட்டி ஸ்பீக்கர் இருந்தால் ராம் இல்லாமலே ஆன் செய்யுங்கள். ‘பீப்... பீப்...’ என்று அழுதால் சந்தோஷப்படுங்கள். அழுகிற பிள்ளை உயிரோடு இருக்கிறது. காசு மாதிரி இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரியைச் சில நிமிஷம் கழற்றி வைப்பதும் (ப்ளக் இல்லாமல்) சில போர்டுகளை எழுப்பிவிடும்.

கடைசியாகக் கெப்பாசிட்டர். தலை தட்டையாக இருக்க வேண்டிய குட்டி டப்பாக்கள் பூரி மாதிரி உப்பியிருந்தால், பழுப்பாகக் கசிந்திருந்தால், போர்டு நிஜமாகவே நோயாளி. 1999-லிருந்து 2007 வரை இது உலகம் பூராவும் கொள்ளை நோய். மட்டமான எலக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் பெரிய கம்பெனிகளின் போர்டுகளிலும் நுழைந்துவிட்டன. ஆப்டிப்ளெக்ஸ் மாடல்களில் போர்டு மாற்றிக் கொடுக்க டெல் நிறுவனம் 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. பின்னால் வந்த பல போர்டுகளில் திடப்பொருள் கெப்பாசிட்டர்கள். அவை அப்படி உப்புவதில்லை. பழைய ஆபீஸ் மெஷின் என்றால் சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், பிளஸ் மைனஸ் மாறாமல். சாமான் விலை சில்லறைக் காசு, கூலிதான் செலவு.

இத்தனையும் பார்த்த பிறகும் பிணம் போலக் கிடந்தால், சரி, போர்டு போயிருச்சு. ஆனால் சம்பளக் கணக்கு போகவில்லை. அது ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. கழற்றி, யு.எஸ்.பி. கேபிள் வழியாகப் பக்கத்து மெஷினில் மாட்டினால் ஃபைல்கள் தெரியும். ஒரே ஒரு சிக்கல். புது விண்டோஸ் மெஷின்கள் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும், சாவி போர்டில்! அப்போது 48 இலக்க ரெக்கவரி எண் கேட்கும். மெஷின் நன்றாக ஓடும்போதே அதைத் தேடி எடுத்து, முதலாளியின் டைரியில் எழுதி வைப்பது உத்தமம்.

புது போர்டு வாங்குவதாக முடிவானால், கடைப் பையனிடம் இரண்டே கேள்வி. “எதை வெச்சு டெஸ்ட் பண்ணுனீங்க தம்பி?” “பழைய போர்டைத் திருப்பிக் குடுத்துருவீங்கல்ல?”