கால் வீக்கமும் கல்சியக் கதவும்

"இந்தக் குளிசயப் போட்ட பொறகுதான் மகன் என்ட கால் வீங்கிச்சு. கிட்னி பழுதாப் பெய்த்திரும் எண்டு நிப்பாட்டிட்டன்."

கிண்ணியா, மூதூர், திருகோணமலை நகர் எங்கும் நம் மூத்தம்மாமாரிடம் கேட்கக்கூடிய பேச்சு இது. அவர்கள் சொல்லும் பிரஷர் குளிசை பல வேளைகளில் அம்லோடிபின்தான். அது செய்யும் வேலையை விளங்கினால் இந்தப் பயம் நீங்கும்.

நாடிகளின் சுவரில் மழமழப்பான தசைக் கலங்கள் உள்ளன. கலத்துக்கு வெளியே கல்சியம் அயன்களின் செறிவு, உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு. துறைமுக வாயிலுக்கு வெளியே கப்பல்கள் குவிந்து நிற்பதைப் போன்ற நிலை. கலத்தின் மென்சவ்வில் 'எல் வகைக் கல்சியக் கால்வாய்' என்ற புரதக் கதவு இருக்கிறது. மின்னழுத்தம் மாறும்போது அது திறக்கும். கல்சியம் உள்ளே பாயும், தசை சுருங்கும், நாடி ஒடுங்கும், இரத்த அழுத்தம் ஏறும்.

இதயத் துடிப்புக்கும் கல்சியம் வேண்டும். 1883இல் லண்டனில் சிட்னி ரிங்கர் இதைக் கண்டார். குழாய்த் தண்ணீரில் கரைத்த உப்புக் கரைசலில் தவளையின் இதயம் துடித்தது. வடித்த நீரில் கரைத்தபோது ஓய்ந்துபோனது. குழாய்த் தண்ணீரிலிருந்த கல்சியமே வித்தியாசம்.

அம்லோடிபின் முக்கியமாக நாடிகளில் உள்ள இந்தக் கதவை ஓரளவு மூடுகிறது. நாடி தளர்கிறது, அழுத்தம் இறங்குகிறது. எலும்பிலுள்ள கல்சியத்தை அது கரைப்பதில்லை.

அப்படியானால் கால் ஏன் வீங்குகிறது? சிறு நாடிகள் விரியும் அளவுக்கு நாளங்கள் விரிவதில்லை. இடையிலுள்ள மயிர்த்துளைக் குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் கணுக்காலில் கசிகிறது. இது சிறுநீரகம் பழுதான அடையாளமல்ல. ஆனாலும் இதய, சிறுநீரக நோய்களாலும் கால் வீங்கலாம். எனவே டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். அவர் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார்.

நாமாக நிறுத்துவதில்தான் ஆபத்து. இந்த மருந்தின் பாதியளவு உடலிலிருந்து நீங்கவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. "நிப்பாட்டியும் சுகமாத்தானே இரிக்கன்" என்று தோன்றும். பிறகு அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். சிறுநீரகத்தை உண்மையில் பழுதாக்குவது அந்த அழுத்தம்தான். கிட்னியைக் காக்க நினைத்து நிறுத்தியவர், கிட்னியையே பணயம் வைக்கிறார்.

நோன்பு காலத்திலும் இதை விடத் தேவையில்லை. நாளுக்கு ஒரு வேளை மருந்து என்பதால், நோன்பு திறந்த பின் போடலாமா என்று ரமழானுக்கு முன்பே கிளினிக்கில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.