சோத்துக்கு லீவு விட்டேன்!

டவுன் பஸ்ஸில் உட்காரும்போது சட்டையின் நாலாவது பட்டன் தெறித்து, பக்கத்து சீட்டு அம்மாவின் பூக்கூடைக்குள் போய் விழுந்தது. அந்தம்மா பட்டனைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்... அங்கேயே முடிவு செய்துவிட்டேன், இனி இளைத்தே தீர்வது என்று!

உயரம் ஐந்தரை அடி. எடை 88 கிலோ. வயது 54. ஆறு வருஷமாகச் சர்க்கரை. அதற்குக் காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. இதுதான் அடியேன் ஜாதகம்.

அந்த வாரம் பார்த்து கோயமுத்தூரிலிருந்து மச்சினன் வந்து இறங்கினான். போன தீபாவளிக்கு வந்தபோது முதலில் தொந்தி வந்தது, பின்னால் அவன் வந்தான். இப்போது தொந்தியைக் காணோம்.

"என்ன மாப்ளே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"பேலியோ மச்சான்! சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, சர்க்கரை எல்லாம் கட். கறி, மீன், முட்டை, வெண்ணெய், பாதாம்... இதான் சாப்பாடு. அஞ்சு மாசத்துல பதினாலு கிலோ போச்சு!"

கறியும் மீனும் தின்றே இளைக்கலாம் என்று சொன்னால் எந்த மதுரைக்காரன் வேண்டாம் என்பான்? அப்போதே சோத்துக்கு லீவு விட்டேன்.

செய்தி அடுப்படிக்குப் போனது. 'டங்'கென்று ஏதோ பாத்திரம் விழுந்தது. "இருபத்தெட்டு வருஷமா நான் பொங்கிப் போட்ட சோறு இப்பத்தான் விஷமாத் தெரியுதாக்கும்?"

பதில் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

* * *

முதல் நாள் காலை, நூறு பாதாம். ஆமாம், எண்ணி நூறு! ஊறவைத்து, வறுத்து வைத்திருந்தது. முதல் இருபது ஜோர். ஐம்பதில் தாடை வலித்தது. எண்பதைத் தொட்டபோது, ஈஸிசேரில் படுத்திருந்த அப்பா, "குதிரைக்குக் கொள்ளு வச்ச மாதிரி இருக்குடா" என்றார்.

மத்தியானம் காலிஃப்ளவரைத் துருவி, அதையே சோறு என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு கறிக்குழம்பு. ராத்திரி வெண்ணெயில் நாலு முட்டை.

அப்போதுதான் ஒரு உண்மை புரிந்தது. நம்ம ஊரில் சாம்பார், ரசம், மோர் எல்லாமே சோற்றை நம்பிப் பிறந்தவை. ரசத்தையாவது டம்ளரில் குடிக்கலாம். சாம்பாரை எதன் தலையில் ஊற்றுவது?

மூன்றாம் நாள் தலைவலி. ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. மச்சினனுக்குப் போன் போட்டேன். "மாவுச்சத்தை நிறுத்தினா உடம்புலேருந்து தண்ணியும் உப்பும் சேர்ந்து வெளியே போகும் மச்சான். உப்புப் போட்டு சூப் குடிங்க" என்றான். நாலாம் நாள் காலைக்கடனில் ஏற்பட்ட தகராறை விவரிக்க நாகரிகம் இடம் தரவில்லை. போதாக்குறைக்கு, வாயிலிருந்து நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் வாசனை வேறு! உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அசிட்டோன் மூச்சில் வருகிறதாம். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க" என்று உத்தரவானது.

ஏழாம் நாள் எடை மெஷினில் ஏறினேன். 85! ஒரே வாரத்தில் மூணு கிலோ! தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். பிற்பாடுதான் விஷயம் தெரிந்தது. நம் உடம்பு கல்லீரலிலும் தசையிலும் ஏறக்குறைய அரை கிலோ மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராமோடும் மூணு கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றை நிறுத்தியதும் முதலில் கரைவது இதுதான். நான் தெருத்தெருவாகக் கொண்டாடியது பெரும்பாலும் தண்ணீரை!

* * *

பாதாம் மெல்லுகிற நேரத்தில் கொஞ்சம் படிக்கவும் செய்தேன். இந்த வைத்தியம் நேற்று முளைத்ததில்லை சார். லண்டனில் வில்லியம் பான்டிங் என்று ஒருவர். பரம்பரையாக ராஜ குடும்பத்துக்கே இறுதிச் சடங்கு ஏற்பாடுகள் செய்த குடும்பம். மனுஷர் 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ. குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். காது மந்தமாகிறதே என்று வில்லியம் ஹார்வி என்ற காது டாக்டரிடம் போனார். அவரோ காதை விட்டுவிட்டு வாயைப் பிடித்தார். ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் நிறுத்தி, கறியும் மீனும் சாப்பிடச் சொன்னார். ஒரு வருஷத்தில் 46 பவுண்டு போயே போச்சு. 1863-ல் தன் அனுபவத்தைச் சின்னப் புத்தகமாகப் போட்டு, முதலில் இலவசமாகவே கொடுத்தார் பான்டிங். 81 வயது வரை இருந்தார்.

'பான்டிங்கே 81 வரை இருந்தாரே!' என்று எனக்கும் தெம்பு வந்துவிட்டது. தெம்பு வந்த அளவுக்குப் புத்தி வரவில்லை.

* * *

பன்னிரண்டாம் நாள். திருமங்கலத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். காலையில் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். நூறு பாதாமுக்கு நேரமில்லை. சர்க்கரை இல்லாத காபியோடு கிளம்பியாச்சு.

பந்தியில் சோற்றுக் கூடையோடு வந்தவரைக் கையால் தடுத்தேன். "பொரியல், கூட்டு மட்டும் போதும்."

எதிர் வரிசைப் பெரியப்பா கவனித்துவிட்டார். "ஏன்டா, சுகர் முத்திப்போச்சா?"

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு குழறியது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் சட்டை தொப்பலாக நனைந்தது. கை நடுங்கியது. பரிமாறுகிறவர் இரண்டு பேராகத் தெரிந்தார். நெஞ்சு 'திடுக் திடுக்'கென்று அடித்துக்கொண்டது. அதற்கப்புறம் நடந்தது எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம்.

என் மனைவி ஓடி வந்தாள். யார் இலையிலிருந்தோ பாயசக் கப்பை எடுத்து, என் தலையைத் தோளில் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். பெண் வீட்டார் பக்கம் வந்திருந்த நர்ஸம்மா ஒருவர் கைப்பையிலிருந்த கருவியை எடுத்து விரலில் குத்திப் பார்த்தார். 52! எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்தாம். "விழுங்க முடியாத அளவுக்கு மயங்கியிருந்தா வாயில ஒண்ணும் ஊத்தக்கூடாதும்மா, ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். நல்லவேளை, நினைவு இருக்கு" என்றார்.

கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டேன். கண்ணைத் திறந்தால், என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் என்னைத் திட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்காகக் கல்யாண மண்டபத்தில் அழுது பார்த்ததில்லை.

* * *

மறுநாள் டாக்டர் என் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சோத்தைக் குறைச்சது தப்பே இல்லை. எங்கிட்ட சொல்லாம குறைச்சீங்க பாருங்க, அதான் தப்பு! உங்க மாத்திரை கணையத்தைத் தட்டித் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற ஜாதி. நீங்க சோறு சாப்பிடுவீங்கன்னு நம்பி நான் எழுதிக் கொடுத்தது. சோத்தை நிறுத்தினா மாத்திரை எதைக் குறைக்கும்? உங்களைத்தான் குறைக்கும்!"

இன்னொரு ரக மாத்திரை உண்டாம். அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். அதைப் போடுகிறவர்கள் மாவுச்சத்தை அடியோடு விட்டால், ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடலாம். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இது நடக்கும் என்பதால் சட்டென்று பிடிபடாதாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தை இஷ்டத்துக்கு ஏற்றுவதும் கூடாது. ஆக, ரத்தப் பரிசோதனை முதலில், பாதாம் அப்புறம்!

"அப்ப பழையபடி சோறா டாக்டர்?" என்றேன் ஆசையாக.

"அதுவும் இல்லை" என்று சிரித்தார். நாடு தழுவிய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2025-ல் வெளியானது. அதன்படி இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்துதானாம். அதைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுவது நமக்கு நல்லதுதான். ஆனால் ஒரேயடியாகத் துறவறம் தேவையில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு மாவுச்சத்தையும் மறு பாதிக்குக் கொழுப்பையும் ஒரு வருஷம் குறைத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. முதல் கோஷ்டி சராசரியாக 6 கிலோ, இரண்டாவது 5.3 கிலோ குறைந்தார்கள். பெரிய வித்தியாசமில்லை. யாரால் எதை விடாமல் கடைப்பிடிக்க முடிகிறதோ, அதுதான் அவருக்கு நல்ல டயட்!

டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்து எழுதினார். வாரத்துக்கு இரண்டு தடவை சர்க்கரை பார்த்துக் குறித்துவரச் சொன்னார். இப்போது காலையில் இரண்டு முட்டையும் ஒரு தோசையும். மத்தியானம் ஒரு கரண்டி சோறு, இரண்டு பங்கு பொரியல், மீனோ கோழியோ. சாயங்காலம் சுண்டல். எட்டு மாசம் ஆகிறது. எடை 79. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.4-லிருந்து 6.8-க்கு இறங்கியிருக்கிறது. பட்டனும் தன் இடத்திலேயே இருக்கிறது.

அந்த ஒரு கரண்டியை மட்டும் நானாகப் போட்டுக்கொள்ள அனுமதி இல்லை. என் மனைவிதான் போடுவாள். நேற்று மீன்குழம்பு வாசனையில் கொஞ்சம் சபலம் தட்டி, "இன்னும் அரைக் கரண்டி..." என்று தட்டை நீட்டினேன்.

"இருபத்தெட்டு வருஷமா விஷம் வச்சவ நான்" என்றாள், குண்டானை மூடிக்கொண்டே. "அளவு எனக்குத் தெரியும்!"