உங்களுக்குத் தெரியுமா? புள்ளி போய்ப் பணம் வந்த கதை

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியின் இணையக் கடையில் 2005 முதல் விளையாட்டுகளின் விலை பணத்தில் இல்லை, ‘மைக்ரோசாஃப்ட் பாயின்ட்ஸ்’ என்ற புள்ளிகளில் இருந்தது. 80 புள்ளி ஓர் அமெரிக்க டாலர். 400 என்று பார்த்தவர் அது 5 டாலர் என்பதை மனக்கணக்காகவே அறிய வேண்டும். புள்ளிகள் மொத்தமாகவே விற்கப்பட்டதால், 400 வாங்கி 80 செலவழித்தவருக்கு மிச்சம் 320 கணக்கிலேயே முடங்கியது. கடைக்காரர் சில்லறைக்குப் பதில் மிட்டாய் தருவது போலத்தான், மிட்டாயையாவது தின்னலாம்!

2013 ஆகஸ்டில் புள்ளிகள் நீக்கப்பட்டு, விலைகள் உள்ளூர் நாணயத்துக்கு மாறின. கையிருப்புப் புள்ளிகளும் பணமாக்கப்பட்டன. நின்டெண்டோ அதற்கு முன்பே, 2011இல் 3டிஎஸ் கருவியின் இ-ஷாப்பில், நேரடிப் பண விலைக்கு வந்துவிட்டது.

 

கைப்பேசி விளையாட்டுகளில் பழைய முறை இன்னும் உயிரோடிருக்கிறது: ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் ‘டயமண்ட்’, பிஜிஎம்ஐயில் ‘யூசி’.